நடுவில் இருப்பவர்

மூன்று பேர் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டால் நடுவில் இருப்பவர் செத்துப்போவார் என்று பாளையங்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், படித்தவர் படிக்காதவர் வேறுபாடின்றி நம்பப்படுகிறது. இது பிழை. இதே ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற, இத்துறையில் பொறுப்புள்ள ஒருவன் என்ற முறையில் இதைத் திருத்தியாக வேண்டியிருக்கிறது. ஓரங்களில் இருப்பவர்களும் செத்துப்போவார்கள். நான்கு பேராக நின்றவர்களும், கல்யாண மேடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்களும், தனியாக எடுத்துக்கொண்டவர்களும், கூச்சப்பட்டுக் கடைசிவரை எடுத்துக்கொள்ளாதவர்களும், இத்தனை பேரையும் எடுத்தவனும் செத்துப்போவார்கள். வரிசையில்தான் சந்தேகமே தவிர முடிவில் இல்லை. நல்ல வாக்கியம். ஆனால் இதை இப்போது வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஏனென்றால் எனக்கு எட்டடி முன்னால், இரண்டு குடை லைட்டுகளுக்கு நடுவில், நடு என்ற சொல்லே வேண்டாம், இரண்டு குடை லைட்டுகளின் வெளிச்சத்தில், அக்கா தங்கைகள் மூன்று பேர் நிற்கிறார்கள், அவர்களில் இரண்டாவதாகப் பிறந்த வடிவுக்கு வெள்ளிக்கிழமை மதுரையில் இதய வால்வு ஆபரேசன், பிறப்பிலேயே நடு, என்ன செய்ய. வாசலில் கார் நிற்கிறது, பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியாகிவிட்டது, சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும். கடைக்குட்டி கோமு காலையில் போனிலேயே சொல்லியிருந்தாள், "டாக்டர் இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னுட்டாரு அண்ணாச்சி. ரெண்டு தடவ தேதி வாங்கி ரெண்டு தடவயும் இவ போவல. இந்தத் தடவ போட்டோன்னு ஒரு சாக்குப் பிடிச்சிருக்கா. எப்படியாவது எடுத்துக் குடுத்துருங்க." வடிவோ உள்ளே காலை வைக்கும்போதே நிபந்தனையை அறிவித்துவிட்டாள், "மூணு பேரும் சேந்து ஒரு படம். நாலாவது ஆளு கெடையாது. எடுத்தாத்தான் கார் மதுரைக்குப் போவும், இல்லேன்னா இப்படியே வீட்டுக்கு." மூத்தவள் உலகம்மை என்னைப் பார்த்தாள், கோயிலில் அர்ச்சகரைப் பார்க்கிற மாதிரி, சாமியை நம்பினாலும் தட்டு உங்கள் கையில்தானே இருக்கிறது என்கிற பார்வை.

எனக்கு இப்போது பயமாக இருக்க வேண்டும், இரக்கமாகவாவது இருக்க வேண்டும், ஆனால் இருப்பது சந்தோஷம், உள்ளங்கை குறுகுறுக்கிறது, பொருட்காட்சி ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது வயிற்றில் ஏதோ கழன்றுகொள்ளுமே அது. எவ்வளவு காலமாயிற்று எனக்குத் தீர்க்க ஒரு கணக்குக் கிடைத்து. பாஸ்போர்ட் படம், காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது, பின்னால் வெள்ளை, இவ்வளவுதான் இத்தனை வருஷமாக என் கலை. அஞ்சல் வழியில் மனோதத்துவம் எம்.ஏ. படித்தவன் நான், சான்றிதழை இதே சுவரில் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் அதைச் சட்டம் போட்டுத் தரும் வேலைக்கு மாதிரி என்று நினைத்து மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். புத்தகங்களின்படி படைப்பு மனம் நான்கு படிகளில் ஏறுகிறது, முதலில் ஆயத்தம், அப்புறம் அடைகாத்தல், அப்புறம் பளிச்சென்று ஒரு வெளிச்சம், கடைசியில் சரிபார்த்தல். அடைகாக்கும்போது விஷயத்தை மறந்துவிட வேண்டுமாம், உலாவப் போக வேண்டுமாம், நன்றாகக் குளிக்க வேண்டுமாம். வாடிக்கையாளர்களை விளக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போன போட்டோகிராபர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் இன்னொன்றும் சொல்கிறார்கள், அதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன், கை கட்டப்பட்டிருக்கும்போதுதான் மனம் எழுந்து உட்காரும் என்று. தளை தட்டாமல் ஒரு வெண்பாவாவது எழுதிப் பார்த்தவனுக்கு இது தெரியும், என்ன வேண்டுமானாலும் எழுது என்று சொல்லிப் பாருங்கள், அவன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு இன்று தளை மேல் தளை. மூன்று பேர் வேண்டும், நாலாவது ஆள் கூடாது, நடுவில் யாரும் இருக்கக் கூடாது. ஆகா.

நாலாவது ஆள் என்றால் எங்கள் தொழிலில் அது ஒரு பொம்மை. உள்ளே அலமாரியில் இருக்கிறது, சிவப்புக் கவுன், ஒரு கண் திறக்கும், ஒரு கண் திறக்காது. மூன்று பேர் வந்தால் கேட்காமலேயே எடுத்து யார் மடியிலாவது வைத்துவிடுவோம், கணக்கு நாலாகிவிடும், எமன் ஏமாந்துவிடுவான், எமனுக்கு எண்ணத் தெரியுமே ஒழியப் பொம்மைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது ஐதீகம். இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்த ஒற்றைக்கண் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள், எல்லாக் குடும்பத்துக்கும் உறவு. இன்றும் பழக்கத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். "அந்தச் சனியன உள்ள வைங்க தம்பி" என்றாள் வடிவு. "அப்ப அண்ணாச்சியே வந்து நிக்கட்டும், கேமரா தானா எடுக்கும்லா" என்று கோமு ஒரு வழி சொன்னாள். வடிவு மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள், "இன்னொரு பால்காரனா? நாங்க மூணு பேரும் இருக்க படத்துல எல்லாம் எவனோ ஒருத்தன் நிக்கான் தம்பி. எங்கப்பா கூச்சப்படுவாரு, தான் நிக்க மாட்டாரு, ரோட்டுல போறவனக் கூப்புட்டு நிறுத்திருவாரு. ஒண்ணுல பால்காரன். ஒண்ணுல போஸ்ட்மேன். பொருட்காட்சியில எடுத்ததுல நிக்கவன் யாருன்னே தெரியாது, மூணு பேர்ல அவன்தான் நல்லாச் சிரிச்சிட்டு நிக்கான்." "நாலு பேர்லட்டி" என்று உலகம்மை திருத்தினாள். திருத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அப்பா போய்ச் சேர்ந்து, மூன்று பேருக்கும் கல்யாணமாகி, மூன்று ஊராகி, அப்புறம் சேர்ந்து நின்றபோதெல்லாம் புருஷன்மார் நின்றார்கள், கொழுந்தன்மார் நின்றார்கள், ஆக இத்தனை வயதுக்கு இந்த மூன்று பேர் மட்டும் இருக்கிற படம் உலகத்தில் இல்லை. உலகத்தில் இல்லாத ஒன்று. அதை நான் உண்டாக்க வேண்டும். கை மறுபடியும் குறுகுறுக்கிறது.

இந்த நடு பயத்துக்கு மூலம் எது என்பது பற்றி எனக்கு ஒரு கட்சி உண்டு. அந்தக் காலத்துக் கேமராவில் ஓரம் மங்கும், நடு தெளியும், ஆகவே வீட்டுக்குப் பெரியவரை நடுவில் உட்கார வைத்தார்கள், பெரியவர்கள் பொதுவாக முதலில் போகிறவர்கள், பழி கேமராமேல் விழுந்தது. இதைக் கட்டுரையாக எழுதி ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன், கட்டுரையைத் திருப்பிவிட்டார்கள், கூட வைத்திருந்த என் படத்தை மட்டும் ஏனோ வைத்துக்கொண்டார்கள். சரி, கணக்குக்கு வா. வடிவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது, உட்கார வேண்டும். இருப்பது கைப்பிடியில்லாத ஒரு தேக்கு நாற்காலி, இரண்டு முக்காலி. உட்கார்ந்தவள் நாற்காலியில், நிற்கிறவர்கள் இரு பக்கம், அதுதான் அழகு, ஆனால் உட்கார்ந்தவள் நடு. வடிவை இடது முக்காலிக்கு மாற்றி உலகம்மையை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவள் தயார்தான். வடிவு எழுந்துவிட்டாள், "அக்கா நடுவுல உக்காந்தா நான் வரல. அங்க நான் மயக்கத்துல கெடக்கும்போது இவ போயிட்டான்னா எனக்கு யாரு சொல்லுவா?" கோமுவை வைத்தேன். இரண்டு அக்காமாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். "சின்னவ" என்றார்கள், சின்னவளுக்கு ஐம்பது நெருங்குகிறது. மூன்று பேரை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம், ஆறிலும் ஒரு நடு உண்டு. ஒருத்தியின் பின்னால் ஒருத்தியாக நிறுத்தினால்? உயரத்தில் நடு வந்துவிடுகிறது. முக்கோணமாக? முக்கோணத்தைத் தாளில் தட்டையாக்கினால் ஒரு முனை நடுவில் வந்து நிற்கும், பள்ளிக்கூடத்தில் இந்தத் தேற்றம் ஏன் சொல்லித்தரவில்லை. தனித்தனியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தால்? "அது சேந்து எடுத்ததா ஆவுமா" என்பாள் வடிவு, நியாயம்தான், கேட்கவே வேண்டாம்.

வெளியே ஹாரன். டிரைவர் ஒரே ஒரு தடவை, மரியாதையாக அடிக்கிறார். அப்போது பளிச்சென்றது, வந்துவிட்டது, மூன்றாம் படி. மேலேயிருந்து. ஏணியில் ஏறிப் பரண் விளிம்பிலிருந்து கீழே பார்த்து எடுத்தால், மூன்று பேரும் வட்டமாக நெருங்கி அண்ணாந்து பார்த்தால், மூன்று முகம், மூன்று பூ, வட்டத்தில் நடுவே கிடையாது, நடுவில் இருப்பது வெறும் தரை, தரை செத்துப்போகட்டும். ஏணியை இழுத்துவந்து ஏறியேவிட்டேன், முட்டி கடகடவென்றது, கேமரா கழுத்தில் ஆடியது, மேலேயிருந்து பார்த்தால் மூன்று வகிடு, ஒன்று முழுக்க வெள்ளை, ஒன்று பாதி, ஒன்று மை போட்டது, என்ன அழகு, என் மூளையை நானே தட்டிக்கொடுக்கலாம்போல இருந்தது. உலகம்மை அண்ணாந்து பார்த்தாள். "தம்பி, இப்படி மேலேருந்து குனிஞ்சு பாத்தா, குழிக்குள்ள கெடக்கவள எட்டிப் பாக்க மாதிரி இருக்காது?" என்றாள், கோபமில்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான். நான்காம் படி, சரிபார்த்தல். ஒவ்வொரு படியாக இறங்கினேன். புத்தகம் எழுதினவர்கள் படி ஏறுவதைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

சரி, முதலிலிருந்து. கேமராவை மறுபடி ஸ்டாண்டில் மாட்டி உள்ளே பார்க்கிறேன். முக்காலி, நாற்காலி, முக்காலி, நாற்காலி காலியாக இருக்கிறது, மூன்று பேரும் அதைச் சுற்றித் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், கரண்ட் பாய்கிற நாற்காலி மாதிரி. பழக்கத்தில் என் வாய் சொல்கிறது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தோள்ல கை போடாதீங்க." பழக்கத்தில் என் கை லென்ஸைத் திருகி வடிவின் தலையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுகிறது. அவள் தலைக்கு மட்டும். மேலே நாலு விரல், இரண்டு பக்கமும் அதே அளவு. எதற்கு இந்த இடம்? கையை நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரியும் எதற்கென்று, தெரியாத மாதிரி இத்தனை காலம் இருந்திருக்கிறேன். குரூப் போட்டோவைக் கொண்டுவருவார்கள், கண் வீங்கியிருக்கும், கூடப் பேச ஆள் வந்திருக்கும், இதில் அப்பாவை மட்டும் தனியாக எடுத்துப் பெரிசாக்கித் தாருங்கள், பதினாறாம் நாளுக்கு வேண்டும் என்பார்கள். நான் அப்பாவைக் கத்தரித்து எடுப்பேன், மனைவியின் பட்டுக்கரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், அழித்துவிடுவேன். போன மார்கழியில் ஒருவர் தோளில் யாருடையதோ நான்கு விரல்கள், நண்பரோ தம்பியோ, உடம்பில்லாத விரல்கள், இறந்தவரைப் பிடித்துக்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றாக அழித்தேன், மோதிர விரல்தான் கடைசியில் போயிற்று. அதற்கப்புறம்தானா, அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டதா, தோளில் கை போடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன், ஒழுங்காக இருக்கும் என்று காரணம் சொல்கிறேன். ஒழுங்கல்ல. கத்தரிக்க வசதி. கல்யாணத்தில், காதுகுத்தில், பள்ளி ஆண்டு விழாவில், சிரிக்கச் சிரிக்க நின்ற அத்தனை பேரையும் பதினாறாம் நாளுக்குத் தோதாகத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். நடுவில் இருப்பவரை மட்டும் சாகவைப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, நான் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. என் படங்கள் ஏன் செத்துக் கிடக்கின்றன என்று மனோதத்துவத்தில் தேடிக்கொண்டிருந்தேன், விரலில் இருந்திருக்கிறது. பயத்தில் வியர்க்கிறது, ஆனால் பாருங்கள், அந்தப் பயத்துக்கு அடியிலேயே அந்த ராட்டினம் மறுபடி மேலே போகிறது, ஏனென்றால் நோய் தெரிந்துவிட்டது என்றால் மருந்து இதற்கு எதிர்ப்பக்கம்தானே இருக்க வேண்டும், கத்தரிக்க முடியாத ஒரு படம், யாரையும் யாரிடமிருந்தும் தனியாக எடுக்க முடியாத ஒன்று, அது எப்படியிருக்கும், எப்படி நிறுத்தினால் அப்படி வரும், கையைக் கோக்கச் சொல்லலாமா, கோத்த கையை மணிக்கட்டோடு வெட்டிவிடலாம், வெட்டியிருக்கிறேன், கன்னத்தோடு கன்னம்? அந்த வயதில் சொன்னால் வெட்கப்படுவார்கள்.

நான் இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே வடிவு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உக்காந்தாச்சு. எடுங்க தம்பி."

"எந்திரிட்டி" என்றாள் உலகம்மை.

"மாட்டேன். வெள்ளிக்கெழம எப்படியும் என்னய நடுவுல போட்டுத்தான சுத்தி நிக்கப் போறாங்க. இன்னைக்கே இருந்து பழகிக்கிடுதேன்."

உலகம்மை சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள், நேராகப் போய் வடிவுக்குப் பக்கத்தில் நாற்காலியின் விளிம்பில் பாதி உடம்பை வைத்து இடுப்பால் ஓர் இடி இடித்தாள், "தள்ளு. போறதுன்னா நான் போறேன். மூத்தவ நான், வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லா." "ஒனக்குப் பேரன் இருக்கான், ஒன்னயத் தேடுவான், எந்திரிக்கா" என்று வடிவு அவளைப் பிடித்துத் தள்ள, தள்ளமுடியாமல் அவள் கழுத்தையே பிடித்துக்கொள்ள, "ரெண்டு பேரும் நவுருங்க, எனக்குப் புள்ளையா குட்டியா" என்று கோமு மறுபக்கத்திலிருந்து பாய்ந்து இருவருக்கும் இடையில் தோளை நுழைத்தாள். சாவதற்கு இப்படி ஒரு முந்தியடிப்பை நான் ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை. என் வாயில் அந்த வாக்கியம் தயாராக வந்து நின்றது, தள்ளி உக்காருங்க, தோள்ல கை போடாதீங்க, நாக்கு நுனியில் நின்றது, நான் அதை விழுங்கினேன், மாத்திரையை விழுங்குகிற மாதிரி தொண்டையில் இறங்குவது தெரிந்தது. கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்துவிட்டேன், நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன், உலகம்மையின் மூக்குத்தி வடிவின் நெற்றிப்பொட்டில் இடிக்கிறது, வடிவின் வாய் கோமுவின் முடிக்குள் இருக்கிறது, யாருடைய கை யாருடையது, குடை லைட் சட்டென்று வெளுத்து அணைந்தது. யார் எடுத்தது? என் விரல் எடுத்திருக்கிறது. என்னைக் கேட்கவில்லை. நான் இன்னும் இரண்டாம் படியில் அடைகாத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கணம் டப்பென்று ஒரு சத்தம், தேக்கு நாற்காலியின் பின்னங்கால் பிளந்துகொண்டது, மூன்று பேரும் மெதுவாக, தேர் சாய்கிற மாதிரி, இடப்பக்கம் சாய்ந்து கார்ப்பெட்டில் உட்கார்ந்தார்கள். ஓடினேன். வடிவின் வாய் திறந்திருக்கிறது, சத்தமே வரவில்லை, ஒரு கை நெஞ்சின் மேல், முகம் சிவந்து, கண்ணில் நீர். கொன்றுவிட்டேனா, ஒரு படத்துக்காக, கணக்குக் கிடைத்த சந்தோஷத்தில், இதுதான் அந்த ராட்டினம் கீழே வருகிற நேரமா, தண்ணீர் எங்கே, டிரைவரைக் கூப்பிடு, கோமு அவள் முதுகைத் தடவுகிறாள், உலகம்மை "வடிவு, ஏ வடிவு" என்கிறாள், பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வாளி மேலே வருவதுபோல ஒரு மூச்சு வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று, அப்புறம்தான் தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று. சிரிப்புக்குச் சத்தம் சேர்கிற அளவு மூச்சு இல்லை, அவ்வளவுதான். "மூணு பேரும்... விழுந்தாச்சு" என்றாள் விட்டுவிட்டு, "அக்காதான்... அடியில."

கேமராவைக் கழற்றி அவர்களிடமே கொண்டுபோய்க் குனிந்து காட்டினேன், மூன்று தலைகள் அந்தச் சின்னத் திரையின் மேல் முட்டிக்கொண்டன. அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். பழைய கத்தரியை எடுத்து மனதுக்குள் வடிவின் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பார்த்தேன். மேலே கோடு போட்டால் உலகம்மையின் தாடை வருகிறது. இடது பக்கம் கோமுவின் காது. கழுத்தில் விரல்கள், அழிக்கலாம் என்றால் அந்த விரல்களுக்குப் பின்னால் கழுத்தே இல்லை, வேறொருத்தியின் கன்னம்தான் இருக்கிறது. எத்தனை விதமாக வெட்டினாலும் மூன்று பேரும் வருகிறார்கள். பாதி ஃபோகஸ் இல்லை. உலகம்மையின் ஒரு கண் மூடியிருக்கிறது. தலைக்கு மேல் இடமே இல்லை, கோமுவின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது, எந்தப் போட்டியிலும் முதல் சுற்றிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள், எனக்குக் கால் தரையில் இல்லை, ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல, யாருக்குமே காட்டக் கூடாதுபோல, இதை எடுத்தது எந்தப் படி என்று அந்தப் புத்தகக்காரர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

"இதுல யாரு நடுவுல இருக்கா?" என்று கோமு கேட்டாள்.

உலகம்மை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள், விரலை ஒருத்தியின் மேல் வைத்தாள், எடுத்தாள், இன்னொருத்தியின் மேல் வைத்தாள். "இந்த மூக்கு என் மூக்குதானட்டி?" என்றாள்.

வடிவு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், மேலும் கீழுமாக இருந்தது மெல்ல மெல்லச் சமப்பட்டது. "பொருட்காட்சிக்காரன் அளவுக்கு ஒருத்தியும் நல்லாச் சிரிக்கல" என்றாள் கடைசியில். பிறகு கோமுவின் தோளைப் பிடித்து எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "படத்த மதுரைக்கு அனுப்பி வைங்க தம்பி. பெருசா வேண்டாம், தலகாணிக்கு அடியில வைக்கிற அளவு போதும். ஏட்டி, வண்டிய எடுக்கச் சொல்லு."

கார் மார்க்கெட் முனையில் திரும்பி மதுரை ரோட்டுப் பக்கம் போனதை வாசலில் நின்று பார்த்தேன். நாற்காலிக்குக் கால் போய்விட்டதால், சாயங்காலம் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள் நின்றுகொண்டே எடுத்துக்கொண்டார்கள்.